நீலகிரியில் சிறு கோழிப் பண்ணை: நோயைப் பிரித்தறிவதும் ஆன்டிபயாட்டிக்கை அளந்து கொடுப்பதும்

வீட்டுக்குப் பின்னால் 50 முதல் 300 கோழி வரை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், கூடலூர்ப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டு குஞ்சு இறகைத் தொங்கவிட்டு நின்றதும் தீவனக் கடைக்குப் போய் "கோழிக்கு மருந்து" என்று கேட்கிறார்கள். கடையில் கொடுத்ததை மூடியில் ஊற்றிக் குடிதண்ணீரில் கலந்துவிடுகிறார்கள். எந்த நோய், அந்த மருந்து அதற்குக் கேட்குமா, எத்தனை நாள் கொடுப்பது, அந்தக் கோழியின் முட்டையை எப்போது சாப்பிடலாம் என்ற கேள்விகள் அங்கே எழுவதே இல்லை.

மலையில் நான் பார்த்த வரை, குஞ்சுகளை அதிகம் கொல்வது குளிரும் ஈரமும் புழுங்கிய கொட்டகையும்தான். அடுத்தது வைரஸ். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை அழிக்கும் மருந்து, இவற்றில் எதற்கும் அது உதவாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். மருந்து எட்டாவது படியில்தான் வருகிறது.

1. குஞ்சு வருவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

குஞ்சு மட்டத்தில் தொங்கவிட ஒரு வெப்பமானி. கோழியை எடை போட ஒரு தராசு. மில்லிலிட்டர் கோடு போட்ட 5 மில்லி, 20 மில்லி சிரிஞ்சுகள். லிட்டர் அளவு குறித்த ஒரு வாளி. ஐஸ் வைக்கும் ஃபிளாஸ்க். நீற்றிய சுண்ணாம்பு ஒரு மூட்டை. ஒரு நோட்டு.

நோயுற்றதைப் பிரித்து வைக்க ஒரு தனிக்கூண்டும் வேண்டும். அதைக் கொட்டகையிலிருந்து தள்ளி, காற்று கொட்டகைப் பக்கம் அடிக்காத இடத்தில் வையுங்கள். நோய் வந்த பிறகு கூண்டு தேடுகிறவர்கள் சீக்குக்கோழியை அட்டைப்பெட்டியில் போட்டு அதே கொட்டகையின் மூலையில்தான் வைக்கிறார்கள். அது பிரித்ததாகாது.

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தின் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐயும் கீழே எழுதுங்கள்.

2. முதல் நாள்: முதலில் சூடு, பிறகு தண்ணீர், அப்புறம் தீவனம்

குஞ்சுகள் பெரும்பாலும் சமவெளியிலிருந்துதான் வருகின்றன. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போதே குளிர் பிடித்துவிடும். எனவே பெட்டி வந்து சேர்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே ப்ரூடரை (குஞ்சுக்குச் சூடு தரும் அமைப்பை) போட்டுத் தரையைச் சூடாக்கி வையுங்கள். தரை ஜில்லென்றிருந்தால் மேலே பல்ப் எரிந்தும் பயனில்லை. காலிலும் வயிற்றிலும் குளிர் ஏறிவிடும்.

முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதன்பின் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். சமவெளியில் மூன்றாவது வாரத்தில் பல்பை அணைத்துவிடுவார்கள். ஊட்டி, எமரால்டு, மஞ்சூர் உயரத்தில் ஐந்தாறு வாரமாவது இரவுச் சூடு தேவை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி இறங்கும் இடங்களில் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, எல்இடி பல்பு போடுவது. அதில் வெளிச்சம் வரும், குஞ்சு காயும் அளவுக்குச் சூடு வராது. பழைய குண்டு பல்பு, அகச்சிவப்பு பல்பு, கேஸ் ப்ரூடர் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். இரண்டாவது, மின்சாரம் போனதும் கரி வாளியை உள்ளே வைத்துத் தார்ப்பாயை நாலாபுறமும் இறுக்கிக் கட்டுவது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு குஞ்சுகளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். கரி வைத்தால் கூரை ஓரம் ஒரு சாண் திறந்தே இருக்கட்டும்.

தண்ணீரை வெதுவெதுப்பாக வையுங்கள். விடியற்காலை ஊற்றுத் தண்ணீர் இருக்கும் குளிர்ச்சிக்குக் குஞ்சு அலகை நனைத்துவிட்டு விலகிப் போய்விடும். முதல் சில மணி நேரம் சிறிது வெல்லமோ எலெக்ட்ரோலைட் பொடியோ கலந்தால் போதும்.

"முதல் மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடுங்கள், சாவு இருக்காது" என்று குஞ்சோடு ஒரு பாக்கெட்டும் தருவார்கள். அதைத் திறக்காதீர்கள். நோயில்லாத குஞ்சுக்கு அது குடலில் குடியேற வேண்டிய நல்ல பாக்டீரியாவை அழிக்கிறது. மருந்துக்கு அடங்காதவை மட்டும் தங்கிப் பெருகுகின்றன. பிறகு உண்மையாகவே நோய் வரும் நாளில் அதே மருந்து கைவிட்டுவிடும்.

3. ஆழ்கூளம்: ஈரத்தோடுதான் உங்கள் முதல் சண்டை

பந்தலூர், தேவாலாப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்கு மழை விடாது. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபருக்கு மேல் வடகிழக்கு மழை. மற்ற நாட்களில் மூடுபனி. கொட்டகைத் தரையில் பரப்பும் ஆழ்கூளம் காய்வதற்கு வெயிலை நம்ப முடியாது.

உமி அல்லது மரச்சீவலை இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். தினமும் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். அந்த இடத்தை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்த கூளம் போடுங்கள். தண்ணீர்த் தட்டுகளைச் சுற்றித்தான் முதலில் நனையும் என்பதால் அவற்றைக் கம்பிவலைச் சட்டத்தின் மேல் வைப்பது நல்லது.

காலையில் கொட்டகைக்குள் குனிந்து, குஞ்சு உயரத்தில் மூச்சு இழுங்கள். கண் கரித்தால் அம்மோனியா ஏறிவிட்டது. அது மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் புண்ணாக்கும், அங்கேதான் சளி நோய்க் கிருமிகள் நுழைகின்றன. குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் அடைப்பதுதான் இதற்குக் காரணம். பக்கவாட்டுத் திரையைக் கீழிருந்து மேலாகக் கட்டுங்கள். கீழே காற்று அடிக்காது, மேலே கெட்ட காற்று வெளியேறும்.

4. தடுப்பூசி: நாளும் குளிர்ச்சியும் தப்பக் கூடாது

வைரஸ் நோய்க்கு வந்தபின் வைத்தியம் இல்லை, முன்கூட்டித் தடுப்பதுதான் வழி. நாட்டுக்கோழிக்குப் பொதுவாக 7-ஆம் நாள் ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல்) சொட்டு, 14-ஆம் நாள் கம்போரோ என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசி, நாலாவது வாரம் லசோட்டா என்னும் ராணிக்கெட் தடுப்பூசி, ஆறேழு வாரத்தில் அம்மைத் தடுப்பூசி, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ராணிக்கெட் ஊசி என்று அட்டவணை போகும். உங்கள் ஊர் மருத்துவர் நாட்களைச் சற்று மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக் கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பூசி முகாமையும் விட்டுவிடாதீர்கள்.

குப்பிகள் பெரும்பாலும் 100, 200, 500 டோஸ் என்று வரும். 60 கோழி வைத்திருப்பவர் பாதியைப் பயன்படுத்திவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பார். கரைத்த தடுப்பூசிக்கு ஆயுள் இரண்டு மணி நேரம்தான். அதனால் பக்கத்து வீட்டார் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் போட்டுவிடுங்கள். ஊரில் எல்லாக் கோழிக்கும் ஒன்றாகப் பாதுகாப்பு கிடைப்பதால் நோய் நுழைவதும் கடினமாகிறது.

"இங்கேதான் குளிராயிருக்கிறதே, ஐஸ் எதற்கு?" என்று கேட்பார்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பேருந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்த பையும் சட்டைப் பையும் மலையிலும் சூடுதான். ஃபிளாஸ்க் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள்.

சிறு பண்ணைக்குத் தண்ணீரில் கலப்பதைவிடக் கண்ணில் சொட்டு விடுவதே நல்லது என்பேன். குளிரில் கோழிகள் ஒரே மாதிரி தண்ணீர் குடிப்பதில்லை. சொட்டு விட்டால் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர்ந்தது நிச்சயம். தண்ணீரில்தான் கொடுக்க வேண்டுமென்றால் குளோரின் கலக்காத தண்ணீரில் லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து கொடுங்கள்.

தடுப்பூசி போட்டு இரண்டு மூன்று நாளில் சில கோழிகள் லேசாகத் தும்மும். அது தானாக அடங்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வீண்.

5. நோய் கண்ட முதல் மணி நேரம்

முதலில் பிரியுங்கள். சோர்ந்த கோழியைத் தனிக்கூண்டுக்கு மாற்றிவிட்டுக் கையையும் காலணியையும் கழுவுங்கள். இனிமேல் நல்ல கோழிகளுக்கு முதலில் தீவனம், சீக்குக்கோழிக்குக் கடைசியில். வரிசை மாறினால் நீங்களே நோயைக் கடத்துகிறீர்கள்.

அடுத்து வெப்பமானி, கூளம், தண்ணீர், தீவன மூட்டை ஆகிய நான்கையும் பாருங்கள். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர். அலகைத் திறந்து ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம். தீவனத்தில் பூஞ்சை வாடை அடித்தால் அந்த மூட்டையை நிறுத்துங்கள். இதைச் சரி செய்த ஒரே நாளில் "நோய்" மறைந்து போவதுண்டு.

பிறகு எழுதுங்கள்: வயது, எத்தனை சோர்ந்தன, எத்தனை இறந்தன, எச்சத்தின் நிறம், நேற்றுக் குடித்த தண்ணீர், போட்ட தடுப்பூசிகள். மருத்துவர் கேட்கப்போவது இவற்றைத்தான்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கொட்டகையில் சும்மா நில்லுங்கள். பகல் இரைச்சலில் கேட்காத கொர்கொர்ப்பும் தும்மலும் அப்போது தெளிவாகக் கேட்கும். எத்தனை கோழியிடமிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

6. அறிகுறியை வைத்து எதுவாக இருக்கும் என்று பார்ப்பது

இது உத்தேசம்தான், உறுதி செய்வது மருத்துவர் வேலை. ஆனாலும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் நோய் எது, தேவைப்படாதது எது என்று ஓரளவு புரிந்திருப்பது அவசியம்.

ராணிக்கெட் அல்லது வெள்ளைக் கழிச்சல்: பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைப் பிளந்து மூச்சு, பிழைத்தவற்றில் கழுத்து முறுக்கிக்கொள்வது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே போய்விடலாம். இது வைரஸ்.

அம்மை: கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம், பொருக்கு. வாய்க்குள் மஞ்சள் படலம் வந்தால் தீவனம் எடுக்காது. இதுவும் வைரஸ், கொசு பரப்புவது. பொருக்கைப் பிய்க்காதீர்கள். புண்ணில் பின்னால் பாக்டீரியா ஏறியிருக்கிறதா என்று மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.

இரத்தக் கழிச்சல்: மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சில் எச்சம் சிவந்து வரும், கொண்டை வெளுக்கும். ஈரக்கூளத்தில் முதிரும் காக்சிடியா என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி இதற்குக் காரணம். மலையில் ப்ரூடரைச் சுற்றிச் சூடும் ஈரமும் சேர்ந்திருப்பது அதற்கு மிகத் தோதானது. வழக்கமான ஆன்டிபயாட்டிக் இதைத் தொடாது. ஆம்ப்ரோலியம் போன்ற தனி மருந்து வேண்டும். ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் பி-காம்ப்ளக்ஸ் டானிக் கொடுக்காதீர்கள். அந்த ஒட்டுண்ணிக்குத் தேவையான பி1 வைட்டமினைத் தடுத்துத்தான் அந்த மருந்து வேலை செய்கிறது. டானிக் கொடுத்தால் அதற்கே தீனி போட்டதாகும்.

வயிற்றில் நீர் கோத்தல்: வெள்ளை பிராய்லரை உயரத்தில் வளர்ப்பவர்களின் பெரிய தலைவலி. காற்றில் ஆக்சிஜன் குறைவு, குளிருக்கு உடம்பு கூடுதலாக உழைக்கிறது, வளர்ச்சியும் வேகம். நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி இதயம் தளர்ந்து வயிற்றில் நீர் சேர்கிறது. கொண்டை நீலம் பாரிக்கும், வயிறு பை போலத் தொங்கும். இதில் கிருமியே இல்லை. அப்படியிருந்தும் இதற்கு ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பணத்தை இழந்தவர்கள் பலர். இரவுச் சூடு, காற்றோட்டம், இரண்டு மூன்றாம் வாரத்தில் தீவனத்தைச் சற்றுக் குறைத்து வளர்ச்சியை நிதானப்படுத்துவது ஆகியவையே வழி. 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியில் பனிக்காலத்தில் பிராய்லர் வேண்டாம் என்பதே என் கருத்து. நாட்டுக்கோழியோ நாட்டுக்கலப்போ மெதுவாக வளரும், தாங்கும்.

நாள்பட்ட சளி: கண்ணில் நுரை, தும்மல், கொர்கொர்ப்பு, சாவு குறைவு, எடை ஏறாது. மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா. அதற்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரை உடைக்கும் பென்சிலின், அமாக்சிசிலின் வகைகள் இதில் வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான். எந்த ஆன்டிபயாட்டிக் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலேயே தெரியும்.

கொரைசா: முகம் ஒரு பக்கமோ இரு பக்கமோ வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமெடுக்கும் ஒழுகல். பாக்டீரியா, மருந்துக்குக் கேட்கும்.

முதல் இரண்டு வாரத்தில் ஆசனவாயில் வெள்ளை எச்சம் ஒட்டிச் சாவது சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாவாக இருக்கலாம், வெறும் குளிராகவும் இருக்கலாம். தொப்புள் வீங்கி நாறினால் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். இந்த வயதில் அறிகுறியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

ஒரே இரவில் காரணம் தெரியாமல் பல கோழி இறந்தால், கொண்டையும் காலும் கருநீலமானால், எதையும் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கேரளத்தை ஒட்டிய கூடலூர், பந்தலூர் வட்டங்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

7. மருத்துவரிடம் எதைக் கொண்டுபோவது

செத்து நாளான கோழியைக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது. காலையில் இறந்த ஒன்றையும், நோயோடு உயிருடன் இருக்கும் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இறந்ததை இரட்டைப் பையில் கட்டி ஐஸ்மேல் வையுங்கள். உறைய வைக்காதீர்கள், உறைந்தால் திசு சிதைந்து பரிசோதனை கெட்டுவிடும்.

மருந்து கொடுப்பதற்கு முன்னால் கொண்டுபோங்கள். இரண்டு நாள் ஏதோ கொடுத்துவிட்டுப் போனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் எதுவும் வளராமல் போகலாம். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதை அறியும் வாய்ப்பும் போய்விடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் பெயரையும் அளவையும் சொல்லிவிடுங்கள்.

8. ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால்: லிட்டர் கணக்கல்ல, எடைக் கணக்கு

மலைவாசிகள் மிகவும் கவனிக்க வேண்டிய படி இது.

லேபிளில் பெரும்பாலும் "லிட்டருக்கு இத்தனை மில்லி" என்றிருக்கும். கோழி வழக்கமான அளவு தண்ணீர் குடிக்கும் என்ற கணக்கில் போட்டது அது. வெயிலில் ஒரு கோழி தின்ற தீவனத்தைப்போல மூன்று நான்கு மடங்கு தண்ணீர் குடிக்கும். மஞ்சூர்ப் பனியில் ஒன்றரை மடங்கைத் தாண்டுவதே அரிது. நோய் வந்தால் இன்னும் குறையும். லிட்டர் கணக்கில் கலந்தால் பாதி மருந்துதான் உள்ளே போகும். பாதி மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். 120 கோழி என்று வையுங்கள். பத்துக் கோழியைப் பிடித்து எடை போட்டுச் சராசரி பாருங்கள், 1.2 கிலோ வருகிறது. மொத்தம் 144 கிலோ. மருத்துவர் எழுதியது கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 1,440 மில்லிகிராம். பாட்டிலில் 10 சதவீதம் என்றிருந்தால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து. ஆக நாளைக்கு 14.4 மில்லி. அதே பாட்டிலில் லிட்டருக்கு அரை மில்லி என்று எழுதியிருந்து, கோழிகள் 14 லிட்டர்தான் குடித்தால், போய்ச் சேருவது 7 மில்லி. சரிபாதி.

முந்தைய நாள் எவ்வளவு குடித்தன என்று வாளியில் அளந்து வைத்திருப்பீர்கள். அந்த அளவுத் தண்ணீரில் நாள் மருந்தைக் கலந்து வையுங்கள், வேறு தண்ணீர் வேண்டாம். தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். குடிக்கவே எழாத கோழிக்குச் சிரிஞ்சில் அளந்து வாயில் விடுவதா, ஊசி போடுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் வகை கொடுக்கும்போது கால்சியம் டானிக்கை நிறுத்துங்கள். கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தகரத் தட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு வையுங்கள்.

இரண்டாம் நாளே கோழி நன்றாக மேயும். அப்போது நிறுத்திவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். 48 மணி நேரத்தில் தேறவே இல்லையென்றால் நீங்களாக வேறு மருந்துக்குத் தாவாமல் மருத்துவரை அழையுங்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சிய பாட்டிலும் வேண்டாம்.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது. மனிதருக்கு வேறு மருந்து கேட்காதபோது மருத்துவமனையில் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. பழைய சரக்கை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். தீவன மூட்டையின் அட்டையையும் ஒருமுறை படியுங்கள். வளர்ச்சி ஊக்கி என்ற பெயரில் ஆன்டிபயாட்டிக் சேர்த்திருந்தால் அந்தத் தீவனத்தை விட்டுவிடுங்கள்.

9. விலக்கு காலம்

கடைசி வேளை மருந்து கொடுத்த பிறகு, உடம்பிலிருந்து மருந்து வெளியேறும் வரை முட்டையும் கறியும் உணவுக்கு ஆகாது. லேபிளில் எத்தனை நாள் என்று இருக்கும். குறிப்பிடாத மருந்துக்கு இந்திய விதிப்படி முட்டைக்குக் குறைந்தது 7 நாள், கோழிக்கறிக்குக் குறைந்தது 28 நாள். முட்டையிடும் கோழிக்குக் கூடவே கூடாது என்று எழுதிய மருந்துகளும் உண்டு. எனவே முட்டைக்கோழி வைத்திருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தொடங்கிய நாளிலிருந்து எண்ணாதீர்கள், முடிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். நோட்டில் தேதியையும் "இந்தத் தேதிக்குப் பிறகுதான் விற்பனை" என்பதையும் எழுதி, கொட்டகைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வீட்டில் வேறு யாராவது முட்டை எடுத்து விற்றுவிடாமல் இருக்க அந்தச் சீட்டுதான் காவல். அந்த நாட்களின் முட்டையைப் புதைத்துவிடுங்கள். வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்க வேண்டாம்.

திருவிழாவுக்கோ பண்டிகைக்கோ விற்கக் குறித்திருந்தால் அதற்கு முந்தைய ஒரு மாதத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். சாகப்போகிறது என்று நினைத்த கோழியை மருந்தோடு அவசரமாக அறுத்து விற்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அதை வாங்கிச் சாப்பிடுகிறவர் உங்களை நம்பித்தான் வாங்குகிறார்.

10. இறந்தவை, எரு, அடுத்த பேட்ச்

இறந்த கோழியை ஓடையில் போடுவதும் தேயிலைப் புதரில் எறிவதும் நோயைக் கீழுள்ள ஊருக்கு அனுப்புவதாகும். நாலடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, மேலே கல் அடுக்குங்கள். காட்டுப்பன்றியும் கரடியும் தோண்டிவிடும், வாடைக்குச் சிறுத்தையும் வரும். குழி ஊற்றுக்கும் கிணற்றுக்கும் மேட்டுப் பக்கம் இருக்கக் கூடாது.

கோழி எருவைக் கேரட், உருளைக்கிழங்கு வயலுக்குக் கேட்டு வாங்குவார்கள். மருந்து கொடுத்த பேட்ச்சின் பச்சை எருவை அப்படியே கொடுக்காதீர்கள். கொடுத்த மருந்தில் ஒரு பங்கு எச்சத்தோடு வெளியே வருகிறது, மருந்துக்கு அடங்காத கிருமியும் கூடவே வருகிறது. கேரட்டைப் பச்சையாகத் தின்கிறோம். குவித்து மூடி, உள்ளே நன்றாகச் சூடேறவிட்டு, இடையிடையே புரட்டி, மக்கிய பிறகு கொடுங்கள்.

கொட்டகையைக் கழுவி, காயவிட்டு, தரைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்து இரண்டு வாரமாவது காலியாகப் போடுங்கள். கழுவாமல் கிருமிநாசினி தெளித்தால் எச்சத்தின் அடியில் உள்ள கிருமிக்கு அது எட்டாது. மழை நாட்களில் காய நேரம் எடுக்கும் என்பதால் மூன்று வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குஞ்சுக்குச் சொல்லும் முன் நோட்டை எடுத்து, சாவுகள் எந்த வயதில் விழுந்தன என்று பாருங்கள். முதல் வாரத்தில் என்றால் ப்ரூடரைச் சரிசெய்யுங்கள். நாலாவது வாரத்தில் என்றால் கூளத்தையும் தண்ணீர்த் தட்டையும் பாருங்கள். எட்டாவது வாரத்துக்கு மேல் என்றால் தடுப்பூசித் தேதிகளை மருத்துவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.